அறுபதுக்குப் பிறகு நம்மை எதிர்பார்ப்பவர் யார்? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஓய்வூதியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி, வருவாய்த்துறை, போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், கூட்டுறவுச் சங்கம், ஓசூர்த் தொழிற்சாலைகள் என்று முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஆண்கள் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு அவர்களுடைய மனைவிமார் கேட்டவை. நான் கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். கணக்குக் கேட்க வருபவர்களில் பலர், கணக்கு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் பெஞ்சில் கேட்டவைதான்.

பணி நிறைவு பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. பென்ஷன் ஒழுங்காக வருகிறது. உடம்புக்கும் பெரிய குறை இல்லை. ஆனாலும் எதிலும் மனம் ஒட்டவில்லை. ஏன்?

வேலை போய்விட்டதே என்ற வருத்தம்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "எப்போதடா இந்த நாற்காலியை விட்டு எழுவோம்" என்று கடைசி ஐந்தாண்டுகள் புலம்பியவர்கள்தான் ஓய்வு பெற்ற பின் அதிகம் தவிக்கிறார்கள். வேலையோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது. நம்மை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் போய்விட்டார்கள்.

தலைமையாசிரியர் வந்தால்தான் காலை வழிபாடு தொடங்கும். ஓட்டுநர் வந்தால்தான் பாலக்கோட்டிலிருந்து முதல் பஸ் கிளம்பும். லைன்மேன் கம்பத்தில் ஏறினால்தான் ஊருக்கு வெளிச்சம். நாம் போகாவிட்டால் ஏதோ ஒன்று நின்றுவிடும் என்ற எண்ணம்தான் இத்தனை வருடமும் நம்மை விடியற்காலையில் எழுப்பிக் குளிக்க வைத்துத் தெருவுக்கு அனுப்பியது. பாராட்டு விழா, சால்வை, மோதிரம், மாலையோடு வீடுவரை கூட்டிவந்த ஊர்வலம் எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடுகின்றன. மறுநாள் காலை பத்து மணிக்கு நம்மைத் தேட ஆள் இல்லை.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் கருவூலத்தில் உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணலுக்கு முதல் தடவையாக வருபவர்களைக் கவனித்திருக்கிறேன். படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில், யாரும் கேட்காமலே, பெயருக்குக் கீழே பதவியை எழுதுவார்கள். "தலைமையாசிரியர்" என்று முழுதாக எழுதிவிட்டுப் பேனா நிற்கும். பிறகு பக்கத்தில் பொடி எழுத்தில் "ஓய்வு" என்று சேர்ப்பார்கள். அந்த ஒரு நொடி நிற்கும் பேனாவில் இருக்கிறது நீங்கள் கேட்ட கேள்வி முழுவதும்.

ஆகவே பொழுதுபோக்கைத் தேடாதீர்கள். பொழுது எப்படியும் போய்விடும். நீங்கள் வரவில்லையென்றால் "ஏன் வரவில்லை?" என்று கேட்கக்கூடிய ஓர் ஆளை, ஓர் இடத்தைத் தேடுங்கள். கீழே நான் சொல்வது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருக்கும்.

இந்த வெறுமை எத்தனை காலம் இருக்கும்?

ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களில் ஓய்வுக் காலத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் விடுதலை பெற்ற மகிழ்ச்சி, பிறகு ஏமாற்றம், அதன்பின் வாழ்க்கையைப் புதிதாக ஒழுங்குபடுத்திக்கொள்வது, கடைசியில் நிலைபெறுவது. எல்லாரும் எல்லாப் படியையும் தொடுவதில்லை என்பதையும் சேர்த்தே அவர் சொன்னார். நம் பக்கத்தில் அந்த முதல் மகிழ்ச்சி காசி, ராமேஸ்வரம், திருப்பதி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, மகள் கல்யாணம் என்று கழிகிறது. கையில் வேலை இருக்கும்வரை தெரியாது. கல்யாணப் பந்தல் பிரித்த பிறகுதான் தெரியத் தொடங்கும். எனவே ஓய்வுபெற்ற நாளிலிருந்து கணக்குப் போடாமல், அந்த வேலைகள் முடிந்த நாளிலிருந்து போடுங்கள்.

பெண்களுக்கு இப்படி ஆவதில்லையா? ஏன் ஆண்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள்?

ஆகிறது. ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டுக்கு வரும்போது பணியில் இருந்தபோதும் அவர் செய்துவந்த வீட்டு வேலை அங்கே ஏற்கெனவே காத்திருக்கிறது. நியாயமில்லாத ஏற்பாடுதான், ஆனாலும் அவருக்கு வீடு புது இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியும், தெருவில் யார் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று தெரியும், அண்ணன் வீட்டோடும் நாத்தனார் வீட்டோடும் போன் பேச்சு விட்டுப்போயிருக்காது. நம் ஆண்களில் பலருக்கு உறவுக்காரர்களோடு பேச்சே மனைவி வழியாகத்தான். அலுவலக நட்பு அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் ஆணுக்கு விழுகிற அடி வேறு மாதிரி இருக்கிறது.

பணியில் இருந்தபோது எழுந்து நின்று வணங்கியவர்கள் இப்போது பஸ் நிலையத்தில் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்கள். மனம் வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த வணக்கத்தில் எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு உங்கள் கையெழுத்துக்கு என்று பிரித்துப் பாருங்கள். கையெழுத்துக்கு வந்த வணக்கம் இப்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்குப் போகிறது. அது அவருக்கும் நிரந்தரமில்லை. உங்களுக்கே உரியது வேறு. இருபது ஆண்டுகளுக்கு முன் நீங்கள் போட்டுக்கொடுத்த சாதிச் சான்றிதழால் படித்த பெண், நீங்கள் இரவு தங்கிப் பழுது பார்த்த டிரான்ஸ்பார்மர் ஊர்க்காரர்கள், நீங்கள் அதட்டிப் பள்ளிக்கு இழுத்துவந்த பையன். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலும் பஸ் நிலையத்தில் நிற்கமாட்டார்கள், வேறெங்கோ இருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது நீங்களே தேடிப்போய்ப் பாருங்கள். அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பழைய அலுவலகத்துக்கு அடிக்கடி போய் உட்காராதீர்கள். முதல் தடவை காபி வரும். மூன்றாம் தடவை அங்கே இருப்பவர்களுக்கு வேலை கெடும், உங்களுக்கு மனம் கெடும்.

என் கணவர் ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறைக்கே வந்து நிற்கிறார். பருப்பு எவ்வளவு, கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று கேள்விமேல் கேள்வி. சண்டை இல்லாத நாளே இல்லை. என்ன செய்வது அண்ணா?

அம்மா, அவர் உங்களை மேற்பார்வை பார்க்கவில்லை. மேற்பார்வை பார்த்துப் பழகிய மனிதருக்கு இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்வதால் உங்கள் எரிச்சல் தவறு என்று ஆகிவிடாது. முப்பது வருடமாக நீங்கள் தனியாக நடத்திய இடத்தில் திடீரென்று ஒருவர் கணக்குக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

யோசனை சொல்லும் உரிமையை மட்டும் கொடுக்காமல், முழுப் பொறுப்பாக ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். காய்கறி வாங்குவது என்றால் உழவர் சந்தைக்குப் போவது, விலை பேசுவது, எது வாங்குவது எல்லாமே அவர் பாடு. அவர் முற்றிய வெண்டைக்காய் வாங்கிவந்தால் அன்றைக்கு முற்றிய வெண்டைக்காய்தான். குறை சொல்லாதீர்கள். ரேஷன், மின் கட்டணம், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, இவற்றில் எதுவும் இருக்கலாம். பாதி வேலையைக் கொடுத்து மீதியை நீங்கள் திருத்தினால் சண்டை ஓயாது.

கணவன்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், உங்கள் மனைவிக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. மதியம் சாப்பிட்ட பின் அவர் ஒரு மணி நேரம் படுத்திருந்தாரே, அந்த நேரம் இப்போதும் அவருக்கு வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.

பணிக்கொடை, சேமநல நிதி எல்லாம் சேர்ந்து கையில் வந்திருக்கிறது. மகன் தொழில் தொடங்கக் கேட்கிறான். நானே ஏதாவது தொழிலில் போடலாமா?

முதல் ஆறு மாதம் எதிலும் போடாதீர்கள். வெறுமையாக இருக்கும் மனம் "முதலாளி" என்ற புதுப் பெயருக்கு ஏங்கும். அந்த ஏக்கத்தை மோசடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2012இல் ஈமு கோழி நிறுவனங்கள் கொங்கு நாட்டில் சரிந்தபோது ஏமாந்தவர்களில் ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்களும் இருந்தார்கள். இப்போது கோழிக்குப் பதில் போன் வருகிறது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, போனிலேயே உங்களை "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாக மிரட்டும் அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

பணத்தை வைக்க இடம் வேண்டுமென்றால் 60 வயது நிறைந்தவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். ஐந்தாண்டுக் காலம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. வங்கி வைப்புத் தொகை என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். மகனுக்குக் கொடுப்பது உங்கள் முடிவு. கொடுத்தால் திரும்ப வராது என்று நினைத்துக் கொடுக்க முடிந்த அளவு மட்டும் கொடுங்கள். மனைவி பெயரில் ஒரு பகுதி கட்டாயம் இருக்கட்டும்.

ஊரில் அப்பா விட்டுச்சென்ற நிலம் மூன்று ஏக்கர் இருக்கிறது. திரும்பிப் போய் விவசாயம் பார்க்கலாமா?

பார்க்கலாம். நம் மாவட்டங்களில் பல ஆண்களுக்குப் பிடிப்பு மீண்டதே நிலத்தில்தான். மாடு உங்களை எதிர்பார்க்கும், நாற்று உங்களை எதிர்பார்க்கும். ஆனால் நிலம் உங்கள் பதவியை மதிக்காது. ஓய்வு பெற்றவர்கள் விவசாயத்தில் பணத்தை இழப்பதை நான் பார்த்தது பெரும்பாலும் இரண்டு வழியில்.

ஒன்று, ஆழ்துளைக் கிணறு. ஆயிரம் அடியைத் தாண்டித் துளை போட்டும் புகை மட்டும் வந்த நிலங்கள் நம்மிடம் எத்தனையோ. முதல் வருடமே ரிக் வண்டியைக் கூப்பிடாதீர்கள். மழையை நம்பிக் கேழ்வரகோ கொள்ளோ சாமையோ விதைத்து, அந்த மண் எப்படி நீரைப் பிடிக்கிறது, எந்தப் பக்கம் வழிந்து ஓடுகிறது என்று ஒரு பருவம் பாருங்கள். வரப்பைச் சரிசெய்யுங்கள், முடிந்தால் பண்ணைக் குட்டை வெட்டுங்கள். கிணறு பிறகு.

இரண்டு, நிலம் முழுக்க மா. ஒட்டுக் கன்று நட்டால் நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும், அதன்பின் சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் மாங்காயில் பெரும்பகுதி பெங்களூரா ரகம். அது கூழ் ஆலைகளுக்குப் போகும் காய். ஆலைகள் விலையைக் குறைத்த வருடங்களில் பறிகூலிகூட வராமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. மா வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று ஏக்கரிலும் மா வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் என்றால் கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் யானை வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தர்மபுரி மாவட்டத்துக்குப் பாப்பாரப்பட்டியிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பிரதமரின் கிசான் உதவித்தொகைக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு அது கிடையாது, கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தெரியாமல் வாங்கியவர்களிடம் திரும்பக் கேட்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள். பள்ளியில் நீங்கள் படித்த காலத்தில் பாதியில் நின்றவராக இருப்பார். இந்த விஷயத்தில் அவர்தான் உங்களுக்கு வாத்தியார். அதை மனதார ஏற்றுக்கொள்ள முடிந்தவர்களுக்கு நிலம் கைகொடுக்கிறது.

நிலமும் இல்லை, தொழிலிலும் விருப்பமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஆபீஸ் வேலைதான். அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அரூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் இருக்கிறார். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறதல்லவா, அதற்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் ஞாயிறு மாலையே இவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். கொண்டுவருவது கசங்கிய பட்டா நகல், புல வரைபடம்.

நான் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெரியவர் "என் நிலத்தில் பாதியைக் காணோம், பட்டாவில் குறைத்துவிட்டார்கள்" என்று பதறிக்கொண்டு வந்தார். பட்டாவில் 0.40.50 என்று இருந்தது. ஒரு ஏக்கர் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார், காகிதத்திலோ பூஜ்யத்தில் தொடங்குகிறது. அளவையர் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். முதலில் இருப்பது ஹெக்டேர், அடுத்தது ஏர். நாற்பதரை ஏர் என்றால் ஒரு ஏக்கர், குறையவே இல்லை. பிறகு வரைபடத்தை விரித்து, கோட்டின்மேல் எழுதியிருந்த மீட்டர் அளவுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். வடக்கு வரப்பில் கல் இருக்கிறதா என்று கேட்டார். "ஏர் ஓட்டும்போது பெயர்ந்துவிட்டது" என்றார் பெரியவர். சிக்கல் பட்டாவில் இல்லை, வரப்பில். "கலெக்டருக்கு மனு வேண்டாம், தாலுகா ஆபீசில் அளவைக்குப் பணம் கட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். பெரியவருக்கு தர்மபுரி வரை ஒருநாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம், அண்ணன் தம்பிக்குள் நடக்கவிருந்த ஒரு வழக்கும் மிச்சம். அளவையர் காசு வாங்குவதில்லை. ஒரு ஞாயிறு அவர் ஊரில் இல்லையென்றால் நாலு பேர் போன் செய்கிறார்கள்.

இதேபோல் ஒவ்வொரு துறைக்காரருக்கும் ஒரு திண்ணை இருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரிதான், 68.54 சதவீதம். கிருஷ்ணகிரி 71.46. நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். ஓசூர், தளி பக்கம் என்றால் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்குப் பொறுமையான ஒருவர் வேண்டும். உங்கள் பழைய பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது இடம் இருக்கிறது.

வருவாய்த்துறை, காவல்துறை, நீதிமன்றங்களில் பணியாற்றியவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பதிந்துகொள்ளலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டத்திலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் மூத்த குடிமக்களும் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பது நம் மலைக் கிராமங்களில் பலருக்குத் தெரியாது. அதைப் போய்ச் சொல்லவே ஆள் போதவில்லை.

கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. வரவு செலவு வாசிக்கும்போது புரிந்து கேட்க ஒருவர் இருக்கிறார் என்றாலே கூட்டம் வேறு மாதிரி நடக்கும். குற்றம் பிடிப்பதற்காகக் கேட்காதீர்கள், ஊருக்குப் புரிவதற்காகக் கேளுங்கள்.

பழங்காலத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு நம் மண்ணைவிட நல்ல மண் எது? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியே வயலிலும் ஏரிக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடப்பவை எத்தனையோ. எந்த ஊரில் எந்தப் புளியமரத்தடியில் கல் இருக்கிறது என்று போட்டோ எடுத்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி, அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கும் வேலைக்குப் பட்டம் தேவையில்லை. பைக்கும் பொறுமையும் போதும்.

எதை எடுத்தாலும் கிழமையும் மணியும் குறித்துக்கொள்ளுங்கள். "நேரம் கிடைக்கும்போது வருகிறேன்" என்று சொன்னால் யாரும் உங்களை எதிர்பார்க்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் போதும், ஆனால் அந்த நாள் தவறக்கூடாது. இன்னொன்று, போகிற இடத்தில் கடைசி ஆளாகச் சேருங்கள். பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியருக்கு நிர்வாகம் சொல்லித்தர ஆரம்பித்தால் இரண்டாம் வாரம் கதவு சாத்தியிருக்கும்.

நான் ஓசூரில் கம்பெனியில் வேலை பார்த்தேன். 58இல் ஓய்வு. இ.பி.எஃப். பென்ஷன் மிகவும் குறைவு. எனக்குப் பிடிப்பு, அடையாளம் என்று பேசுவதெல்லாம் வசதியானவர்கள் பேச்சாகத் தெரிகிறது.

நீங்கள் சொல்வது சரி. 2014இலிருந்து அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். அதை வைத்துக்கொண்டு யாரும் நடுகல் தேடிப் போகமுடியாது. உங்களுக்கு முதலில் வருமானம். டூல் ரூமிலோ அசெம்பிளியிலோ முப்பது ஆண்டு நின்ற கைக்கு மதிப்பு இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளில் அளவு பிசகாமல் வேலை பார்க்கவும் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் மூத்த ஆள் தேவைப்படுகிறார். ஐ.டி.ஐ.களிலும் விசாரியுங்கள். செக்யூரிட்டி வேலைக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்து உடம்பைக் கெடுத்துவிடும், உங்கள் கைத்திறனும் வீணாகும். வேறு வழியே இல்லையென்றால் அதிலும் இழிவு ஒன்றுமில்லை. அதுவரை மற்ற இடங்களில் கேட்டுப்பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெங்களூருவில் இருக்கும் மகன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறான். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். போகலாமா?

பேரக்குழந்தை உங்களை எதிர்பார்க்கும், அதில் சந்தேகமில்லை. பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் தாத்தாவைக் கண்டதும் ஓடிவரும் குழந்தையைவிடப் பெரிய பதவி எதுவும் இல்லை. ஆனால் குழந்தை பள்ளியில் இருக்கும் நேரம் முழுக்கப் பத்தாவது மாடியில், பக்கத்து வீட்டு மொழி தெரியாமல் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஊர் வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள், பூட்டிவிட்டுப் போங்கள். மாதத்தில் சில நாள் கட்டாயம் ஊர் திரும்புவது என்று மகனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். மனைவி மட்டும் அங்கே போய்க் குழந்தையைப் பார்க்க, கணவர் இங்கே தனியாகப் பொங்கித் தின்னும் குடும்பங்களும் நம் பக்கம் பெருகிவிட்டன. இருவரும் சேர்ந்து இருப்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

இந்த வயதில் புதிதாகத் தொடங்கி என்ன சாதிக்கப் போகிறோம்?

ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்து முடித்த பிறகு, 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானார். 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 80. அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். எனக்கும் எல்லாம் உடன்பாடில்லை. நாட்டின் மிக உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்தவர், அதைவிடச் சிறிய நாற்காலியில் உட்காரத் தயங்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாலை ஆனால் குடிக்கத் தோன்றுகிறது. முன்பு எப்போதாவது குடிப்பேன், இப்போது தினமும். தூக்கமும் இல்லை. இதற்கும் ஓய்வுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிந்து விழுவது, காரணமில்லாத முதுகுவலி, வயிற்று எரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, குடி இப்படித்தான் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதுபோல இதற்கும் மருந்து உண்டு, குணமாகும். யாரிடமும் முகம் காட்டிப் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள், அது அரசின் டெலி மனஸ் சேவை, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. தினமும் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரலாம். ஆகவே நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

"நான் இருந்து என்ன பயன்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓய்வு பெற்ற மறுவருடமே மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். எனக்குச் சோறு வைக்கக்கூடத் தெரியாது.

உங்களுக்கு நிகழ்ந்தது இரண்டு இழப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. இதற்கு நான் யோசனை சொல்வது முறையில்லை. துக்கத்துக்குக் கெடு கிடையாது. சோற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே ஒரு கீரை கடையவும். அக்காவோ தங்கையோ இருந்தால் நாலு நாள் வந்து நின்று சொல்லித்தரச் சொல்லுங்கள், சந்தோஷமாக வருவார்கள். சமைத்து வைத்திருக்கிறேன், சாப்பிட வாருங்கள் என்று உங்களைப் போலவே தனியாக இருக்கும் ஒருவரை வாரத்தில் ஒருநாள் அழையுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை விடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வரும். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, நாலு வார்த்தை பேசி அனுப்புங்கள்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

பணிப்பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், நியமனதாரர் விவரம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று இந்த மாதமே பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்று இருந்தால் பிற்பாடு குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைவது உங்கள் மனைவியாக இருக்கும். ஓய்வூதியத்தில் முன்கூட்டியே மொத்தப் பணமாகத் தொகுத்துப் பெறும் பகுதி பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் முழு ஓய்வூதியமாகத் திரும்பும், அதை மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

கூடவே, ஓய்வுக்குப் பிறகு செய்ய நினைப்பதை இப்போதே மாதம் ஒருநாள் செய்து பாருங்கள். நூலகமோ நிலமோ பள்ளியோ, எதுவாக இருந்தாலும் பதவி இருக்கும்போதே அங்கே பதவி இல்லாத ஆளாகப் பழகிவிட வேண்டும். உங்கள் வேலையில் உங்களுக்கு மட்டும் தெரிந்த சூட்சுமங்கள் சில இருக்கும். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது, மழைக்காலத்தில் எந்த மின்பாதை முதலில் விழும், எந்தக் கிராமத்தில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்குங்கள், உங்களுக்குப் பின் வரும் தம்பியிடம் அதைக் கொடுத்து, ஓய்வு பெறும் முன்பே பக்கம் பக்கமாக விளக்கிவிடுங்கள். அவருக்குச் சந்தேகம் வந்து போன் செய்தால் எடுத்துப் பேசுங்கள். நீங்களாகப் போன் செய்யாதீர்கள்.